திராட்சைத் தோட்டமும் நோய்த்தடுப்பு உத்தரவும்

தம் தோட்டத்திற்கு மருந்து தெளிப்பதும் தெளியாது விடுவதும் தம் விருப்பம் என்று எண்ணுவது உழவர்க்கு இயல்பு. இவ்வெண்ணம் எதுவரை செல்லும் என்பதை ஆராய, பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் எழுந்த வழக்கொன்றை அங்கத்தினர்கள்முன் வைக்கிறோம்.

அந்நாட்டுத் திராட்சையைத் தாக்கும் நோய்களுள் மிகக் கொடியது ‘பிளாவெசான்ஸ் தோரே’ எனும் பொன்மஞ்சள் நோய். இலைகள் மஞ்சளித்தோ சிவந்தோ சுருளும்; இளந்தண்டு முற்றாமல் துவளும்; குலைகள் வாடும். சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் உண்டு. இதற்கோ மருந்தே இல்லை. நோயுற்ற கொடியை வேரோடு பிடுங்குவதொன்றே வழி. ஒரு தோட்டத்தில் நூற்றுக்கு 20-க்கு மேற்பட்ட கொடிகள் நோயுற்றால் தோட்டம் முழுவதையும் அழிக்க வேண்டும் என்பது விதி. நோயைப் பரப்புவது வட அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவகைத் தத்துப்பூச்சி. தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கு நோய் செல்வதில்லை; நோய்க்கொடியின் சாற்றை உறிஞ்சி ஏறத்தாழ ஒரு மாதம் சென்ற பின்னரே பூச்சி பிற கொடிகளுக்கு நோயைத் தரும். ஆகவே பூச்சி மட்டும் இருந்தால் போதாது. நோய்க்கொடியும் அருகில் இருக்க வேண்டும். வழக்கின் உயிர்நிலை இதுவே.

2013 ஜூனில் கோத்-தோர் மாவட்ட அதிகாரி, திராட்சை பயிரிடுவோர் யாவரும் பூச்சிமருந்து தெளிக்க வேண்டுமென உத்தரவிட்டார். அண்டை மாவட்டத்தில் முன்பே நோய் கண்டிருந்ததால் அச்சம் பொய்யன்று. எனினும், சுமார் 10 ஹெக்டேரில் இயற்கை முறையில் பயிரிட்டுவந்த இம்மானுவேல் ஜிபூலோ இணங்கவில்லை. தம் பக்கத்தில் நோயே இல்லை என்றும், இயற்கை முறையாருக்கு அனுமதிக்கப்பட்ட பைரித்திரமும் நன்மை செய்யும் பூச்சிகளைச் சேர்த்தே கொல்லும் என்றும் கூறினார். 2014 ஏப்ரலில் டிஜோன் நீதிமன்றம் 1000 யூரோ அபராதம் விதித்து, அதிற் பாதியை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்நீதிமன்றம், உத்தரவே சட்டப்படி செல்லாது என்று அவரை விடுவித்தது.

இதனால் உத்தரவே கூடாது என்பாரோடு நாம் உடன்படோம். மறுத்தவர் தோட்டத்தில் ஒரு நோய்க்கொடி மறைந்திருந்தால் நஷ்டம் வேலிக்கு அப்பாலுள்ளவருக்கும் அன்றோ? ஆனால் நோயுள்ள இடம் எது, இல்லாத இடம் எது என்று பாராமல் எல்லார் தலையிலும் ஒரே செலவை ஏற்றியது முறையன்று. (சுற்றறிக்கையும் கையுமாகச் சங்கங்களுக்குச் செல்லும் நாமும் காரணம் கூறாது கையொப்பம் கேட்ட நாட்கள் உண்டு.)

பர்கண்டியில் பின்னர்ச் செல்வாக்குப் பெற்ற முறை வேறு. நோய்க்குறி நன்கு தெரியும் அறுவடைக் காலத்தையொட்டி விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, தம் தோட்டம் பிறர் தோட்டம் என்னாது வரிசை வரிசையாக நடந்து கொடிகளைப் பார்வையிடுகின்றனர். ஐயத்திற்குரிய கொடிக்கு அடையாளம் இடுவர். அதன் இலை பரிசோதனைக்குச் செல்லும். நோய் உறுதியானால் கொடி பிடுங்கப்படும். இவ்வாறு நோயிருக்கும் இடம் தெரிந்துவிட்டமையால், எல்லாரும் தெளிக்க வேண்டும் என்ற நிலை மாறி, எங்கே எத்தனை முறை என்பது பகுதிக்குப் பகுதி குறைக்கப்பட்டது.