நூலகத்தில் மறைந்திருக்கும் நம் ஊர் வரலாறு



உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி எனத் தானம் நான்கு வகைப்படும் என்பது ஜைன அறம். இவற்றுள் சாத்திர தானமாகிய கல்விக்கொடை, கொடுத்தவர் மறைந்த பின்னும் கொள்வாரை எதிர்நோக்கி நிற்பது. நூலக அலமாரிகளில் உள்ள பழைய நூல்களும் அத்தகைய கொடையே. எடுத்துப் படிப்பார் இல்லையெனில் அக்கொடை நிறைவு பெறுவதில்லை.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்றவுடன் வணிகமும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுமே பலருக்கு நினைவில் எழும். வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளைப் போலத் தொன்மையான ஜினாலயங்கள் இங்கு ஊர்தோறும் கண்ணிற் படுவதில்லை. "இம்மண்ணில் நம் சமயத்திற்கு என்ன வரலாறு உண்டு?" என்று பிள்ளைகள் வினவுவது இயல்பே. விடை நூலகத்தில் உள்ளது. அதனைத் தேடும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

முதற்படி, பழைய பெயரை அறிதல். விருதுபட்டி என்ற ஊர் 1923ஆம் ஆண்டில் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. இம்மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்தினின்று பிரிந்தது. இராமநாதபுரம் மாவட்டமோ 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்தது. எனவே, 1919இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த வி. ரங்காச்சாரியாரின் கல்வெட்டுப் பட்டியலில் இராமநாதபுரம் என்ற தலைப்பில் தேடுதல் வேண்டும். 1882இல் இராபர்ட் சீவெல் வெளியிட்ட தொல்பொருட் பட்டியலிலோ மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைப் புரட்டுதல் வேண்டும். விருதுநகர் என்று தேடுவோர் வெறுங்கையுடன் திரும்புவர்.

இரண்டாம் படி, ஊர்வாரியாகப் படித்தல். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களின் "சமணமும் தமிழும்" 1954இல் வெளிவந்தது. சமணச் சுவடுகள் உள்ள ஊர்களை அந்நூல் மாவட்டவாரியாகத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று அருப்புக்கோட்டைப் பகுதியைச் சார்ந்த கோவிலாங்குளம். ஊரார் அம்மணசாமி என வழங்கும் தீர்த்தங்கரர் திருமேனி உள்ள இடம் அது. அங்குள்ள சாசனம் முதற் குலோத்துங்க சோழனின் 48ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 1118 அளவினது. முக்குடையாராகிய அருகப் பெருமானுக்குக் கோயில் எடுத்ததையும், இயக்கியின் திருவுருவம் அமைத்ததையும், தண்ணீர்ப்பந்தலுக்காக நிலம் அளித்ததையும் அது கூறுகிறது. மழை குறைந்த இவ்வறண்ட நிலத்தில், வழிநடப்போர் தாகம் தீர்ப்பதையும் கோயில் திருப்பணியோடு ஒன்றாக எண்ணிய நெஞ்சங்கள் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தன. இதைவிடச் சிறந்த நீதிப்பாடத்தை எங்குத் தேடுவது?

மூன்றாம் படி, சிதறியவற்றை இணைத்தல். ஆவியூருக்கு அருகில் குறண்டி என்னும் சிற்றூர் உள்ளது. பண்டை வெண்பு நாட்டைச் சேர்ந்த இவ்வூரில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரும்பள்ளி விளங்கிற்று. அப்பள்ளி இன்று நிலைத்து நிற்கவில்லை. எனினும், திருச்சுழியை அடுத்த பள்ளிமடம் காளைநாதர் கோயிற் கற்களில் அதற்குரிய கொடைச் செய்தி காணப்படுகிறது. மதுரைக்கு மேற்கே உள்ள சமணர் மலையின் வட்டெழுத்துச் சாசனங்களில், குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் பெயர்கள் உள்ளன. ஒரு நூலில் மட்டும் தேடினால் குறண்டி வெறும் பெயராகவே தோன்றும். மூன்று இடத்துச் செய்திகளையும் ஒன்றாக வைத்து நோக்கினால், மாணாக்கர் வழிவழியாகக் கற்றுத் தேர்ந்த ஒரு கல்வி நிலையம் நம் முன் எழுகிறது.

நான்காம் படி, சான்றைக் கடந்து பேசாமை. பள்ளி என முடியும் ஊரெல்லாம் சமணப் பள்ளி அன்று. பௌத்தருக்கும் பள்ளிகள் இருந்தன. சிற்றூர் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கோவிலாங்குளத்திலோ முக்குடையார், இயக்கி என்னும் குறிப்புகள் ஐயத்தை நீக்குகின்றன. வாய்மை விரதம் வரலாறு எழுதுவோருக்கும் உரியது. பெருமைக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்வது அறமாகாது.

இத்தேடல் பொழுதுபோக்கு அன்று. இன்னதென்று அறியப்படாத கல், துவைகல்லாகவும் கட்டடக் கடைக்காலாகவும் போய்விடும். அறியப்பட்ட கல்லை ஊரே காக்கும். அம்மணசாமி என்று பெயரிட்டு ஊரார் நினைவில் வைத்திருந்தது பெரும்பேறு. அப்பெயருக்குப் பின்னுள்ள வரலாற்றை, நன்றியுடன் அவர்களிடமே எடுத்துரைப்பது நம் கடமை. குறண்டிப் பள்ளிக்கு நேர்ந்தது பிற இடங்களுக்கு நேராதிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கான பயிற்சி:

1. உங்கள் ஊரின் பழைய பெயரையும், 1910க்கு முன் அது எம்மாவட்டத்தில் இருந்தது என்பதையும் கண்டறிக.

2. மாவட்ட நூலகத்திலோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ உங்கள் ஊரைக் குறிப்பிடும் பழைய நூல் ஒன்றைத் தேடுக. நூற்பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

3. அக்குறிப்பில் உள்ள இடத்திற்குப் பெரியோருடன் சென்று வருக. நூல் சொல்வதையும் ஊரார் சொல்வதையும் தனித்தனியே எழுதுக. ஒன்றோடொன்றைக் கலத்தல் வேண்டா.

அவ்வேட்டின் படி ஒன்றை உங்கள் ஊர் நூலகத்திற்கே அளித்திடுக. அதுவும் சாத்திர தானமே.

அறம் வளர்க!