பூக்கும் முன் பிடுங்குவோம்!

பள்ளித் தோட்டத்தில் நான் செய்த ஒரு தவறையும், அதில் கற்ற பாடத்தையும் எழுதுகிறேன்.

போன வருஷம் கார்த்திகை மழையில் கத்தரிப் பாத்தியில் பார்த்தீனியம் முளைத்தது. கேரட் இலை மாதிரி இருக்குமே, அதுதான். தோட்டக் குழுத் தலைவி நான். "அரையாண்டுப் பரீட்சை முடியட்டும், பிடுங்கிக்கலாம்" என்று விட்டுவிட்டேன். லீவு முடிந்து வந்தால் பாத்தி முழுக்க வெள்ளைப் பூ! வெறுங்கையால் பிடுங்கி எருக்குழியில் போட்டோம். மறுநாள் என் தோழிக்குக் கையெல்லாம் அரிப்பு, தடிப்பு. ஒரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

அந்த எருவை இந்த வருஷம் நாலு பாத்திக்கும் போட்டோம். ஐப்பசி மழை பெய்ததும் நாலு பாத்தியிலும் பார்த்தீனியம்! நாங்கள் போட்ட கீரை விதை முளைத்ததே தெரியவில்லை.

அப்பத்தாவிடம் சொன்னேன். "பூத்த பெறகு புடுங்குனா, வெதச்சுட்டுப் புடுங்குன மாதிரிதான் ஆத்தா" என்றார்கள்.

காரணம் என்ன?

பார்த்தீனியம், சாரணை, குப்பைமேனி போன்றவை ஓராண்டுக் களைகள். விதையில் முளைத்து, பூத்து, விதை போட்டுவிட்டுச் செத்துவிடும். விதைதான் அவற்றின் உயிர். பார்த்தீனியம் முளைத்து ஒன்றரை மாதத்திற்குள் பூத்துவிடும். ஒரே செடி 10,000 விதைக்கு மேல் போடும். எங்கள் எருக்குழியில் போதுமான சூடு ஏறாததால் விதைகள் சாகவில்லை. (கோரை வேறு வகை. அதற்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. கிழங்கோடு தோண்ட வேண்டும்.)

இப்போது நாங்கள் செய்வது:

1. மழை விட்டதும், நாலு இலை விடும்போதே களைக்கொத்தால் கொத்திவிடுகிறோம். வெயிலில் வாடிவிடும்.
2. கையில் உறை போடாமல் தொடுவதில்லை. உறை இல்லாவிட்டால் பால் கவரை மாட்டிக்கொள்கிறோம்.
3. செடிகளுக்கு நடுவே வைக்கோல், காய்ந்த சருகு பரப்புகிறோம். வெளிச்சம் படாததால் களை விதை அதிகம் முளைப்பதில்லை.
4. பூத்த செடியை எருக்குழியில் போடாமல், தனிக் குழி தோண்டி ஆழமாகப் புதைக்கிறோம்.
5. மைதானத்துச் சுவரோரம் இருப்பதற்கு, 1 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்புக் கரைத்து, வெயில் நேரத்தில் சார் தெளிக்கிறார். பாத்தியில் தெளிக்கக் கூடாது. மண் கெட்டுவிடும்.

தெரியுமா?

பார்த்தீனியத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவில் 1955-இல் புனேயில் இதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். இதன் இலையைத் தின்னும் ஒரு வகை வண்டை மெக்சிகோவில் இருந்து கொண்டுவந்து, 1984-இல் வெளியில் விட்டார்கள்.

என் தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் மறுபடி பட்டாலும் வரும் என்பதால், அவளுக்கு இப்போது களை வேலை கிடையாது. தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான். "பரீட்சை முடியட்டும்" என்று நான் விட்ட மூன்று வாரத்திற்கு, இந்த வருஷம் முழுவதும் வேலை!

வெள்ளைப் பூ வருமுன் விழித்துக்கொள்வோம்.

— தோட்டக் குழுத் தலைவி, 9-ஆம் வகுப்பு