கபடியும் அரை வினாடியும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடி ஆடாத இளைஞர்கள் குறைவு. பாடிச் சென்றவர் பிடிபட்டால், "பிடித்தவன் பலசாலி" என்கிறோம். பலம் மட்டும்தானா காரணம்? கணக்கிட்டுப் பார்ப்போம்.

பாடிச் செல்பவரும் பிடிப்பவரும் நின்ற நிலையிலிருந்து வினாடிக்கு வினாடி 4 மீட்டர் முடுக்கத்துடன் பாய்வதாகக் கொள்வோம். கடந்த தூரம் = ½ × முடுக்கம் × (நேரம்)². நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே இருப்பவர் திரும்பி வர 1 வினாடி போதும். 4.5 மீட்டர் உள்ளே சென்றவருக்கோ 1.5 வினாடி வேண்டும்.

அவர் "தொடுவதா, திரும்புவதா" என்று அரை வினாடி தயங்குகிறார், பிடிப்பவர் பாய்ந்துவிடுகிறார். அந்த அரை வினாடியில் பிடிப்பவர் கடப்பது 0.5 மீட்டர்தான். ஆனால் அடுத்த அரை வினாடி முடியும்போது அவர் 2 மீட்டர் கடந்திருப்பார்; தயங்கியவர் கடந்தது 0.5 மீட்டரே! சிறு தயக்கம் 1.5 மீட்டர் நட்டமாக வளர்ந்துவிட்டது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் முடிவெடுக்கத் தாமதித்தால், காவல் வீரர்கள் எவ்வளவு வலியவர்களானாலும் எதிரணியினர் அவரை வீழ்த்திவிடுவர். பழியோ பல வேளைகளில் காவலர்கள் மேல் விழும்!

உங்கள் துலங்கல் நேரத்தை அறிய வேண்டுமா? நண்பர் சொல்லாமல் விடும் அளவுகோலை விரல்களால் பிடியுங்கள். அது 20 செ.மீ. விழுந்திருந்தால் உங்கள் நேரம் சுமார் 0.2 வினாடி. முன்பே முடிவெடுத்துப் பாய்பவருக்கு எதிரணி தரும் இலவச நேரம் இதுவே!