தனக்காகத் தானே பேசுதல்: தம்பி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புமிக்க தம்பி மகளுக்கு,

மருத்துவர்கள் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்பெக்டா என்று எழுதி, சுருக்கமாக ஓ.ஐ. என்று குறிப்பிடும் எலும்பு நொறுங்கும் பிறவிக் கோளாற்றுடன் வளர்ந்து, பட்டம் பெற்று, முதல் வேலையில் சேரவிருக்கும் ஒருவர் இனித் தம் தேவைகளை எவர் வாயிலாகக் கேட்பது என்பதே இக்கடிதத்தின் பொருள். குழந்தைப் பருவத்தில் அவருக்காகத் தாயும் தந்தையும் பேசினர், பள்ளியில் ஆசிரியை பேசினார். அவர்கள் பேசாதிருந்தால் இன்னும் பல எலும்புகள் முறிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பதினெட்டு வயதைக் கடந்த பின்னும் அவர்களே பேசிக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர்கள் அவரை முடிவெடுக்கத் தெரிந்த ஒருவராகக் கருதும் நாள் தள்ளிக்கொண்டே போகும். தன் உடல், பணம், படிப்பு, வேலை ஆகியவை பற்றிய முடிவுகளில் ஒருவர் தாமே பேசுவதையும், தம்மால் பேச இயலாத இடத்தில் தம் சார்பில் யார் எதைப் பேசலாம் என்பதைத் தாமே தீர்மானிப்பதையும் தன்னுரிமைக் குரல் என்று கொள்ளலாம். பிறர் உதவியே வேண்டாம் என்று நிற்கும் பிடிவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எலும்பு, தோல், தசைநார் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் முதல் வகை போதிய அளவில் உருவாகாததாலோ, உருவாகும்போதே அமைப்பில் பிழைபடுவதாலோ பெரும்பாலும் இக்கோளாறு தோன்றுகிறது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் காணப்படும் இதனை ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் சிலென்ஸும் அவருடைய குழுவினரும் 1979இல் நான்கு வகைகளாகப் பகுத்தனர். பின்னர் புதிய மரபணுக்கள் கண்டறியப்பட்டதால் வகைகள் பெருகின. ஒரே வகையைச் சேர்ந்தவர்களிலும் ஒருவர் ஊன்றுகோலின்றி நடப்பார், மற்றொருவர் சக்கர நாற்காலியில் இருப்பார். இந்த அரிய தன்மைக்கும் வேறுபாட்டுக்கும் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. சர்க்கரை நோயாளி தம் நோயை எந்த மருத்துவமனையிலும் விளக்கத் தேவையில்லை; ஓ.ஐ. உடையவரோ, தம்மைப் போன்ற ஒருவரை இதற்கு முன் கண்டிராத மருத்துவரிடமும் செவிலியரிடமும் அடிக்கடி வந்து சேர்கிறார். அத்தகைய அறையில் அந்த உடலைப் பற்றி அதிகம் அறிந்தவர் படுக்கையில் இருப்பவரே. குழந்தைகள் நலப் பிரிவில் பல ஆண்டுகள் பார்த்த மருத்துவர் வயதுவந்தவருக்குக் கிடைக்கமாட்டார் என்பதால், அந்த அறிவைச் சொல்லும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்கிறது.

ஓட்டலில் பரிமாறுபவர் சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டு, உடன் வந்தவரைப் பார்த்து "அவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்பார், வங்கி அலுவலர் படிவத்தைத் தாயிடம் நீட்டுவார், வலி எங்கே என்று மருத்துவர் தந்தையிடம் விசாரிப்பார். இவர்களில் எவருக்கும் தீய எண்ணம் இருப்பதில்லை, அதனாலேயே இதை எதிர்கொள்வது கடினமாகிறது. உடன் வந்தவர் பதில் சொல்லிவிட்டால் வேலை விரைவில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த முறையும் கேள்வி அவரிடமே வரும். ஆகவே வெளியே கிளம்புமுன் வீட்டிலேயே ஓர் ஏற்பாட்டைப் பேசி முடித்துக்கொள்ளுதல் நலம்: கேள்வி யாரை நோக்கி வந்தாலும் உடன் வருபவர் வாய் திறக்காமல், விடை சொல்ல வேண்டியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், கேட்டவரின் பார்வையும் தானாகவே அங்கே திரும்பிவிடும். அப்படியும் திரும்பாதபோது "அவங்ககிட்டயே கேளுங்க" என்ற சொற்கள் போதும். தம்பிக்கு இது எளிதில் கைவராது. மகளின் எக்ஸ்ரே உறையை வேறெவர் கையிலும் கொடுக்காமல் மருத்துவமனை மருத்துவமனையாகச் சுமந்த தகப்பனுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுமப்பதைவிடப் பெரிய வேலை. அவரை நோகடிக்காமல் அந்த உறையை வாங்கிக்கொள்வதும் மகளுடைய பொறுப்புகளில் ஒன்று. வங்கியைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும், தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், கடன் பெறவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது.

கேட்கும் முறையிலும் கருத்தூன்ற வேண்டும். "எனக்கு எலும்பு எளிதில் உடையும், பார்த்துச் செய்யுங்கள்" என்பது எச்சரிக்கையாக ஒலித்தாலும் கேட்பவருக்கு எதையும் கற்பிப்பதில்லை. அவர் அஞ்சி விலகுவார், அல்லது "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். எதைச் செய்யக் கூடாது, அதற்கு மாறாக எதைச் செய்ய வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வதே பயன்தரும்: கையையோ கணுக்காலையோ பிடித்து இழுக்கக் கூடாது, எடை ஓரிடத்தில் குவியாமல் பரவும்படி உடலின் அடியில் கைகளை விரித்து வைத்துத் தாங்க வேண்டும், நாற்காலியை ஆளோடு தூக்குவதானால் கழன்றுவரும் பாகங்களைப் பிடிக்காமல் சட்டகத்தைப் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை சொல்லித் தூக்கத் தொடங்குபவர் நாற்காலியில் இருப்பவராகவே இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் தானியங்கிக் கருவியின் பட்டை கடுமையாக இறுகுவதால், எலும்பு மிக நலிந்தவர்களுக்கு மேல்கை எலும்பு முறியவும் கூடும். ஆகவே அண்மையில் முறிவு நேராத கையைத் தாமே நீட்டி, கையால் காற்றேற்றும் கருவியைக் கேட்பது மிகையன்று. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கமருந்து மருத்துவரிடம் கழுத்தை மிகையாகப் பின்னுக்கு வளைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். மயக்கத்தில் இருப்பவர் பேச இயலாதாகையால் இதை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது அறிவுடைமை. இவற்றைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டியதில்லை, சினமும் வேண்டியதில்லை. மின்பணியாளர் எந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்று சொல்வதுபோலச் சொன்னால் போதும்.

அடுத்தது மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழ். மேற்சொன்ன சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா போன்றவை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ள அப்பட்டியலில் ஓ.ஐ. என்ற பெயர் இல்லை. அதனால் ஓ.ஐ. உடையவருக்கு உரிமையில்லை என்று கருதுவது தவறு; எலும்பு, மூட்டு, தசைகளின் பாதிப்பால் இயக்கம் குறைவதைக் குறிக்கும் இயக்கக் குறைபாடு என்ற வகையிலும், மரபணுக் காரணத்தால் வயதுவந்தவரின் உயரம் 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் குள்ளத்தன்மை என்ற வகையிலும் அவர் மதிப்பிடப்படலாம். சான்றிதழுக்காக மருத்துவக் குழு பார்க்கும் நாளில் முறிவு ஏதுமின்றி இருப்பவருக்கு இயலாமைச் சதவீதம் குறைவாக விழுந்துவிடும் இடர்ப்பாடு இக்கோளாற்றில் உண்டு. ஆகவே இதுவரை நேர்ந்த முறிவுகள், எலும்புக்குள் செலுத்தப்பட்ட கம்பிகள், செய்த அறுவைகள் ஆகியவற்றின் பட்டியலையும் எக்ஸ்ரேக்களையும் கொண்டுசெல்ல வேண்டும். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் குறைந்தது 40 சதவீத இயலாமை தேவை. ஆனால் அந்த எல்லைக்குக் கீழே இருப்பவருக்கு எதுவுமே கிடையாது என்று அலுவலகங்களில் சொல்லப்படுவது சரியன்று. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு உடைய தேர்வர் ஒருவர் தமக்குப் பதிலாக எழுதுபவரைக் கேட்டுத் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான வசதியைப் பெற 40 சதவீதம் முன்நிபந்தனையாகாது என்று தெளிவுபடுத்தியது. நியாயமான வசதி என்பது, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், குறிப்பிட்ட ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்தத் தேவைப்படும் மாற்றம். அந்த மாற்றம் எது என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். வசதி கேட்கச் செல்பவரை மேலாளர் கனிவோடு உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்" என்று தொடங்கினால், இத்தீர்ப்பை நினைவில் வைத்திருப்பது உதவும்.

வேலையில் சேருமுன் எழுதித் தர வேண்டியது நோயின் வரலாறன்று, தேவைகளின் பட்டியல். எத்தனை முறை முறிவு நேர்ந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு என்பன அலுவலகத்துக்கு உரியவையல்ல. மேசையின் உயரம், காலுக்குத் தாங்குபலகை, ஒரு கையால் தள்ளத்தக்க கதவு, நாற்காலி நுழையும் கழிப்பறை, முறிவு நேர்ந்த வாரங்களில் வீட்டிலிருந்து பணியாற்றும் ஏற்பாடு ஆகியவற்றோடு, பலரும் மறந்துபோகும் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: தீ விபத்தின்போது மின்தூக்கி நிறுத்தப்பட்டுவிடும், பதறியோடும் கூட்டத்தில் யாரோ வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்குவது நெருப்புக்கு நிகரான ஆபத்து. யார், எந்த வழியாக, எவ்வாறு கொண்டுசெல்வது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைக் குறிப்பிடவும், அதற்கென ஒரு தொடர்பு அலுவலரை அமர்த்தவும் வேண்டும் என்பது மேற்சொன்ன சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. கடிதத்தை அந்த அலுவலருக்கே எழுதலாம்.

அலுவலகத்தில் பாராட்டு வந்து குவியக்கூடும். அதை ஏற்பதில் பிழையில்லை. வசதிக்குப் பதிலாக அது தரப்படும்போதுதான் விழிப்பு வேண்டும். ஓ.ஐ. உடன் 1982இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூரான ஸ்டாவலில் பிறந்து, இதழாளராகவும் நகைச்சுவைக் கலைஞராகவும் விளங்கி, 2014இல் மறைந்த ஸ்டெல்லா யங், தம் பதினான்காம் வயதில் ஊர்க் கடைத்தெருவில் எந்தெந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி நுழையும் என்று கணக்கெடுத்தவர். அவரை ஒரு சாதனை விருதுக்குப் பரிந்துரைக்க ஊர்க்காரர் ஒருவர் விரும்பியபோது, மகள் அப்படி எதையும் சாதிக்கவில்லையே என்று பெற்றோர் கேட்டதாக அவர் பின்னாளில் ஒரு மேடையில் சொன்னார். காலையில் எழுந்து பள்ளிக்குப் போவதையே சாதனையாக்குவது, மாற்றுத்திறனாளிகளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லாமல் சொல்வதாகும். நம்மூரில் இது "ஐயோ பாவம்" என்றோ "தன்னம்பிக்கையின் சிகரம்" என்றோ இரண்டு வேடத்தில் வரும். இரண்டாவது வேடத்துக்குப் பொன்னாடையும் உண்டு. பொன்னாடை போர்த்தும் மேடைக்குச் சாய்தளம் இருந்ததா என்று பார்த்தாலே போதும்.

தனியொருவர் கேட்டுப் பெறுவதற்கு எல்லை உண்டு. தன்னுரிமைக் குரல் ஓர் இயக்கமாகத் திரண்டது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களிடம். 1960களில் ஸ்வீடனிலும், 1974இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்திலும் அவர்கள் தாமே கூடித் தம்மைப் பற்றிப் பேசினர். படித்த, நன்கு பேசத் தெரிந்த உடற்குறைபாட்டாளர் சிலர் அவர்களிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டி மதிப்புத் தேடுவது வருந்தத்தக்கது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்கென மரத்தாலான நிரந்தரப் பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் பலவகைக் குறைபாடு உடையவர்கள் சேர்ந்து கேட்டதன் பயன் அது. சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்திவிட்டது, பின்னர் சீரமைக்கப்பட்டது. கட்டித் தந்ததைப் பராமரிக்கச் சொல்லிக் கேட்பதும் அதே அளவு நெடிய வேலை. ஓ.ஐ. உடையவர்கள் மட்டும் தனித்து நின்றால் எண்ணிக்கை மிகச் சிறிதாகவே இருக்கும்.

திருமணப் பேச்சும் விரைவில் வரும். ஓ.ஐ. உடையவர்களில் பெரும்பான்மையோரிடம், ஒவ்வொரு மகப்பேற்றிலும் அது குழந்தைக்கு வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவரும் தாம் பாதிக்கப்படாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் வகையும் உண்டு, நெருங்கிய உறவில் மணம் செய்யும் சமூகங்களில் அது கூடுதலாகக் காணப்படுகிறது. எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனையாலும் மரபியல் ஆலோசகரிடமும் அறிந்துகொள்வது நல்லது. அறிந்தபின் மணம் வேண்டுமா, குழந்தை வேண்டுமா என்பதில் பெரியவர்கள், இதை எழுதும் பெரியப்பா உட்பட, கேட்டால் மட்டுமே கருத்துச் சொல்லத்தக்கவர்கள்.

பருவமடைந்த பின் முறிவுகள் குறைவதால் பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. ஆனால் இருபதுகளிலேயே பலருக்குக் காது கேட்பது மெல்லக் குறையத் தொடங்கும். கூட்டங்களில் சொல்வது சரியாக விழாததை மற்றவர்கள் கவனக்குறைவு என்று எண்ணுவர், தாமும் அப்படியே எண்ணிக்கொள்வது உண்டு. வேலையில் சேரும் தேதிக்கு முன்பாகவே செவித்திறன் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். முதல் மாதத்திலேயே விடுப்புக் கேட்பது எவருக்கும் சங்கடம்தான்.

அன்புடன்,
பெரியப்பா