கிட்டார் வந்ததால் தவில் போனதா?



மின்னணுவியல் படிக்கிற பையனுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்க தாத்தா, எங்க அப்பா இரண்டு பேருமே தவில்காரர்கள். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். தவிலைத் தோளில் மாட்டாத முதல் ஆளும் நான்தான்! ஆகவே இந்தக் கேள்வி எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.

தாத்தா அடிக்கடி சொல்வார்: "அந்த ஹிப்பிக்காரனுங்க தலைமுடியும் கிட்டாருமா வந்தானுங்க பாரு, அன்னைக்கே நம்ம பொழப்பு போச்சுடா."

உண்மையா? நமக்கு லேபில் என்ன சொல்லித் தருகிறார்கள்? ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யவில்லை என்றால் எடுத்தவுடன் ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது. சப்ளையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வர வேண்டும். அதே முறையில் இதையும் பார்ப்போம்.

முதல் சோதனை: காலவரிசை

பழைய பாணித் திரைப்பாட்டு என்றால் எம்.கே.தியாகராஜ பாகவதர்தான். அவருடைய 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஆனால் 1952-இல் 'பராசக்தி' வந்தபோதே மக்கள் பாட்டை விட வசனத்துக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாகவதர் 1959-இல் மறைந்தார். பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பாடியதோ 1964 பிப்ரவரியில்! வராத திருடன் மேல் எப்படி வழக்குப் போடுவது?

இரண்டாவது சோதனை: கருவி

நாடக மேடையில் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்ச ஸ்தாயியில்தான் பாட வேண்டும். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் அப்படித்தான் பேர் வாங்கினார்கள். மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் வந்த பிறகு மெல்லிய குரலும் கடைசி வரிசைக்குப் போயிற்று. ஏ.எம்.ராஜா, பி.பி.சீனிவாஸ் போன்றவர்களின் காலம் பிறந்தது. அதற்கு முன்பே இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் என்பதால் ஆலாபனை சுருங்கிவிட்டது. ஆக, பழைய பாணியை முதலில் மாற்றியது கிட்டார் அல்ல. நாம் படிக்கிற பாடம்தான்!

மூன்றாவது சோதனை: அந்தக் காலத்திலேயே ஓடியது எது?

1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி மேல்நாட்டுத் துள்ளல் இசையைத் தந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஹிப்பிக் கலாச்சாரம் உச்சத்தில் இருந்த 1968-இல் இங்கே ஓடிய படம் 'தில்லானா மோகனாம்பாள்'! மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை ஊரே கேட்டது. 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் கிராமத்து மெட்டைத் திரைக்குக் கொண்டுவந்த இளையராஜாவோ, அதற்கு முன் இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர்.

நம்மை ஆண்ட பிரான்சிலும் இதே கதைதான். 1959-இல் தொடங்கிய ஒரு வானொலி நிகழ்ச்சி அங்கே இளைஞர்களை ராக் பக்கம் இழுத்தது. 1963-இல் எடித் பியாஃப் மறைந்தபோது பழைய பாட்டு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அதே பாணியில் வந்த அஸ்னவூர், 2018-இல் மறையும் வரை மேடை ஏறினார்.

இன்னொரு வேடிக்கை. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் ரிஷிகேசத்துக்கு வந்தார்கள். அதே மாதம் 28-ஆம் தேதி நம் ஊருக்குப் பக்கத்தில் ஆரோவில் தொடங்கப்பட்டது. அவர்கள் தியானத்தைத் தேடி வந்தார்கள். நம்மவர்கள் பெல்பாட்டத்தைத் தேடிப் போனார்கள்!

அப்படியானால் தாத்தா சொன்னது தப்பா?

பாதி சரி. அதற்கு முன் அப்பாவும் பிள்ளையும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். "அப்பா கேட்பது பழசு, எனக்கு வேறு வேண்டும்" என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் பரப்பியது அறுபதுகளின் ராக் இசைதான். கேட்கும் காது கொஞ்சம் விலகியது. ஆனால் பிழைப்பைக் கெடுத்தது அதுவல்ல. கேசட் வந்தது, மெல்லிசைக் குழு வந்தது, இன்று டி.ஜே. வந்திருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் முகூர்த்தம் வரை வாசித்த செட்டை இப்போது, "தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் வந்தா போதும்" என்கிறார்கள். ஐந்து பேருக்குக் கூலி கொடுப்பதை விட ஒரு பெட்டிக்கு வாடகை கொடுப்பது சுலபம். இது ரசனைக் கணக்கு அல்ல, காசுக் கணக்கு.

நண்பர்களே! அந்தப் பெட்டியை ரிப்பேர் செய்யத்தான் நாம் படிக்கிறோம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பு உண்டு. நாதஸ்வரத்தின் வாய்க்கு நேராக மைக்கை வைத்துக் காதைக் கிழிக்கிற ஆபரேட்டரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தள்ளி வைத்து, அளவாக வால்யூம் கொடுத்தால் அதே வாத்தியம் தேனாக ஒலிக்கும். அடுத்த ஆண்டு விழாவில் டி.ஜே.வுக்கு முன் அரை மணி நேரம் மேளக்கச்சேரிக்கு ஒதுக்க வேண்டும் என்று மாணவர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சவுண்டு நம் டிபார்ட்மெண்ட் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பாட்டு, கூத்து, ஒப்பாரி எதுவானாலும் செல்போனில் இப்போதே பதிவு செய்து வையுங்கள்.

புதியது வரட்டும். பழையதை மியூட் செய்ய மட்டும் நாம் பட்டன் அழுத்த வேண்டாம்!