கீமோ சிகிச்சையில் வாய்ப்புண்: ஸபூர் வேறு, மறைப்பது வேறு



புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொள்வோரில் பலர் வாய்ப்புண்ணால் கஞ்சிகூட விழுங்க முடியாமல் வாடுகிறார்கள். "அல்லாஹ் தந்த சோதனை" என்று டாக்டரிடமும் சொல்வதில்லை. ஸபூர் உயர்ந்த குணம்தான். ஆனால் வலியை மறைப்பது ஸபூர் ஆகாது. மருத்துவம் செய்துகொள்வது நம் மார்க்கம் காட்டிய வழி.

கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். வாயின் உட்தோலும் அப்படிப் பெருகுவதே. அதனால் அதுவும் புண்ணாகிறது. பொதுவாக மருந்து ஏற்றிய 5 முதல் 10 நாட்களில் தொடங்கி, 2, 3 வாரங்களில் ஆறிவிடும்.

வீட்டில் செய்யவேண்டியவை:

1. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, தினமும் 4 முதல் 6 முறை கொப்பளித்துத் துப்பவேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

2. புண் ஆறும்வரை மிஸ்வாக் குச்சிக்குப் பதில் மிக மென்மையான பிரஷ் போதும். பல்செட்டை இரவில் கழற்றிவிடவேண்டும்.

3. நோன்புக் கஞ்சி தரலாம். மிளகாய், மசாலா இல்லாமல், நன்றாகக் குழைத்து, ஆறவைத்துத் தரவேண்டும். தயிர்சாதம், இட்லியைப் பாலில் ஊறவைத்தும் தரலாம். எலுமிச்சை, ஊறுகாய், முறுக்கு, சூடான தேநீர், வெற்றிலை பாக்கு ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும்.

4. கருஞ்சீரக எண்ணெய், நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

வலியை மரக்கச்செய்யும் ஜெல் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். வாயில் வெள்ளைப்படலம், இரத்தக்கசிவு, தண்ணீர்கூட இறங்காத நிலை கண்டால் அன்றே சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீமோவால் எதிர்ப்புசக்தி குறைந்திருக்கும் வேளையில், புண் வழியே கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

ரமலானில் இவர்கள் நோன்பை விடுவதற்கு அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் சலுகை இருக்கிறது. பிறகு களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குற்றவுணர்வு வேண்டாம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரியாணிப் பொட்டலத்துக்குப் பதிலாக, "இன்று என்ன சாப்பிட முடிந்தது?" என்ற விசாரிப்பைக் கொண்டுபோங்கள். பதில் "ஒன்றுமில்லை" என்றால், டாக்டரிடம் கூட்டிச்செல்லுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.