உள்ளே இருப்பது யார்?

கொரோனா பரவத் தொடங்கிய 2020 ஜனவரியில், நாட்டுக்குள் வரும் பயணிகளைக் கண்காணிக்க இலங்கைச் சுகாதார அமைச்சு டிஎச்ஐஎஸ்2 மென்பொருளைக் கையில் எடுத்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இது ஜாவாவில், ஸ்பிரிங் கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. இதில் ஒவ்வொரு பயனருக்கும் அவருக்குரிய பிரதேசம் ஒதுக்கப்படும். மட்டக்களப்பு வாவியை வைத்துச் சொன்னால், படுவான்கரையில் வவுணதீவைக் கவனிப்பவருக்கு எழுவான்கரைக் காத்தான்குடியின் பதிவுகள் தெரியாதபடி வைக்கலாம். அதற்கு, உள்ளே இருப்பது யார் என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும்.

ஜாவாவில் இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் சர்வ்லெட்டில் இதற்கு வழி எளிது. வந்த கோரிக்கையிடமே ‘கெட்யூசர்பிரின்சிபல்’ என்று கேட்டால் ஆள் கிடைப்பார். உள்நுழையாதவர் என்றால் வெறும் ‘நல்’ வரும். புதிதாக எழுதுபவர் அந்தப் பெயரை வகுப்பின் மாறியொன்றில் போட்டு வைப்பார். தனியாகச் சோதிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் பதில் சொல்வது பெரும்பாலும் ஒரே சர்வ்லெட் பொருள்தான். களுவாஞ்சிகுடியில் ஒருவர் பக்கத்தைத் திறக்கும் அதே கணத்தில் ஏறாவூரிலும் ஒருவர் திறந்தால், ஒருவருடைய பதிவு மற்றவர் திரையில் வந்து நிற்கலாம். பெயரைச் செயற்கூற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இந்த வில்லங்கம் இல்லை. சோதிப்பவர் இரண்டு உலாவிகளில் இரண்டு பெயர்களில் நுழைந்து, ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்க வேண்டும்.

பயனர் எண்ணைப் படிவத்தின் மறைவான கட்டத்தில் வைப்பது அதைவிட மோசம். யாரும் மாற்றலாம்.

ஸ்பிரிங்கின் பாதுகாப்புப் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டியில் வேறொரு பொறி. உள்நுழையாதவரையும் அது ‘அனானிமஸ்யூசர்’ என்ற பெயரோடு உட்கார வைக்கும். அங்கீகரிக்கப்பட்டவரா என்று கேட்டால் ‘ஆம்’ என்றே சொல்லும்! அந்த ஒரு பதிலை நம்பிக் கதவைத் திறக்கக் கூடாது.

வேறு சேவையை அழைக்க, நுழைந்தவரின் கடவுச்சொல்லைத் தேடுகிறவர்களும் உண்டு. சரிபார்த்த கையோடு ஸ்பிரிங் அதை அழித்துவிடுவதே வழமை, நல்ல வேளை. அங்கே கொடுக்க வேண்டியது குறுகிய ஆயுள் கொண்ட டோக்கன். 2005இல் தொடங்கிய, கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஐடென்டிட்டி சேர்வர் அத்தகைய டோக்கன்களை வழங்குகிறது. அதுவும் ஜாவாதான்.

பெரிய அறிக்கையொன்றைப் பின்னணி இழைக்குத் தள்ளிவிடும்போது இன்னொரு சிக்கல் வரும். பயனர் விவரம் கோரிக்கை வந்த இழையோடு ஒட்டியிருப்பதால், புதிய இழைக்கு அவர் யாரென்று தெரியாது. பெயரை அளபுருவாகக் கையில் கொடுத்தனுப்புவதே நேர்வழி.